‘போயிட்டான்’ என்று ஒரு சொல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
நவம்பர் கடைசி, 1974

அன்பு மகன் யூனனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அந்த டொரொண்டோ குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, காலை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். நாங்கள் இங்கே நலம் என்று எழுதப் போனேன், கை வரவில்லை. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன், அதில் பொய் கிடையாது. உன் கடிதம், எல்லைக்கு அந்தப் பக்கம் லிஃபர்டில் டிம்ப்னா வேலை பார்க்கும் கடைக்குப் போன வாரம் வந்தது. உன் தங்கை அதைக் காலுறைக்குள் மடித்து வைத்து எல்லைப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தாள். பட்டாளத்துக்காரன் பையை மட்டும் கிளறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னானாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், அப்பா இந்த நிலைமையில் இருக்கும்போது எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை, ஒரு வருஷம் ஆகப்போகிறது, அவர்கள் என்னை மறந்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் பதிலை எடுத்ததும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற உன் பழைய புத்தியைக் காட்டாதே.

அப்பாவுக்கு மூச்சு இரைப்புக் கூடித்தான் இருக்கிறது. மாட்டுக் கொட்டகை வரை போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார், கேட்டால் வேலியைப் பார்த்தேன் என்கிறார். வேலியில் என்ன இருக்கிறது பார்க்க, அவர் போட்ட வேலிதானே. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸைப் பார்ப்பார், வசந்தத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன் என்றார். உன்னிடம் இதை மறைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் எழுதினேன். படுக்கையை அடுப்படிக்குப் பக்கத்து அறைக்கு இறக்கிவிட்டோம். கறுப்புப் பசு சினையாக இருக்கிறது. மழை விட்டபாடில்லை.

நீ போன பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று இதுவரை உனக்கு நான் முழுசாக எழுதவில்லை. நீ செய்தது தப்பில்லை என்று மறுபடியும் சொல்கிறேன். நாற்சந்தியில் அந்தப் பட்டாளத்துப் பையன் குண்டடிபட்டுக் கிடந்தான், நீ ரொட்டி வண்டியை நிறுத்தி இறங்கி உன் கோட்டைக் கழற்றி அவன் தலைக்கு அணை கொடுத்து, அவன் காதில், பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாப மந்திரம் சொன்னாய். அவன் நம் வேதமா மறு சபையா என்றுகூட உனக்குத் தெரியாது. சாகிறவன் காதில் அதைச் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. பிறகு பட்டாளம் உன்னைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்து விசாரித்து அனுப்பியது. உன் முதுகை நான் பார்த்தேன், ஊர் பார்க்கவில்லை. ஊர் பார்த்ததெல்லாம் அவர்கள் உன்னை விட்டுவிட்டதைத்தான், யாரையோ காட்டிக்கொடுத்துத்தான் வெளியே வந்தான் என்று பேசிவிட்டார்கள். உடனே, பட்டாளத்தைச் சுடுகிற கூட்டத்தின் ஆளாகச் செம்பட்டை வாசலுக்கு வந்துவிட்டான். அவன் பெயரை எழுத மாட்டேன், உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், என் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். தொப்பியைக் கூடக் கழற்றாமல், “காஸிம்மா, விடியும்போது அவன் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. என்னால இவ்வளவுதான் வாங்கித் தர முடிஞ்சுது. மத்தவனா இருந்தா இந்த நேரம்கூடக் கிடைச்சிருக்காது” என்று உபகாரம் செய்கிறவனைப் போலச் சொன்னான். மறு சபைக்காரர் வெஸ்லிதான் உன்னைத் தன் கன்றுக்குட்டி வண்டியில், கன்றுகளுக்கு நடுவே படுக்க வைத்து எல்லை தாண்டிக் கொண்டுவிட்டார். நம் ஆட்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இங்கே யாரும் எங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை, கல் விடவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். கோயிலில் எங்கள் வரிசையில் நாங்கள் மட்டும்தான். பால் வண்டி நம் கேனை மறந்துவிட்டுப் போகும். டிம்ப்னா பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவள் எழுந்து போவாள், ஒருநாள் பின்னாலிருந்து ஒருத்தி இவள் பின்னலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல முடிதான், கத்தரிக்கோல் வச்சா பாவமா இருக்கும்” என்றாளாம். அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். தாய்க்குத் தாயாய் நாற்பது வருஷம் பழகிய பக்கத்து வீட்டு ஹானா, என்னைக் கண்டால் கோழியைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வாள். நான் வாயாடி என்பது உனக்குத் தெரியும். பேச ஆள் இல்லாமல் பசுவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது இந்த மாதத் தொடக்கத்தில் உனக்காக ஒரு பூசை வைக்கலாம் என்று கோயிலுக்குப் போனேன். பழைய சாமியார் மாற்றலாகிவிட்டார், புதிதாக ஓர் இளம் உதவிச் சாமியார் வந்திருக்கிறார், தெற்குக் கோடியில் கெரிப் பக்கத்து ஆள், நம் பேச்சு அவருக்குப் பாதி விளங்காது, அவர் பேச்சு நமக்கு முக்கால்வாசி விளங்காது. பீடத்துக்குப் பின்னால் அறையில் அவரைப் பார்த்து, என் மகன் யூனனுக்கு ஒரு பூசை வேண்டும் என்றேன். மகன் எங்கே என்றார். எங்கே என்று எப்படிச் சொல்வேன், அறையில் மெழுகுவத்தி அடுக்கிக்கொண்டு செம்பட்டையின் அக்காள் நிற்கிறாள். “போயிட்டான் ஃபாதர். எங்கள விட்டுப் போயிட்டான்” என்றேன், அழுகையும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, வரும் ஞாயிறே சொல்லிவிடுகிறேன் அம்மா என்றார். நவம்பர் மாதம், ஆத்துமாக்கள் மாதம். வாயைத் திறந்தால் இறந்தவர் பெயர்தான் வருகிற மாதம். எனக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிறு பூசையில் அவர் அறிவிப்புகளைப் படித்துக்கொண்டே வந்து, நம் பங்கைச் சேர்ந்த யூனன் மக்கலீர் இறைவனடி சேர்ந்துவிட்டார், அவருடைய ஆத்துமம் இளைப்பாற இந்தப் பூசையை ஒப்புக்கொடுப்போம் என்றார். யூனன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அவர் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கனடாவிலிருந்து எந்த வழியிலோ சாமியாருக்குத் தகவல் வந்திருக்கிறது, எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பூசை முடிகிறவரை நீ எனக்குச் செத்துத்தான் கிடந்தாய். முட்டி போட்டவள் எழுந்திருக்கவில்லை, டிம்ப்னா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை அப்பா அன்றைக்கு இருமலென்று வரவில்லை. பூசை முடிந்ததும் பின்னால் அறைக்கு ஓடிப்போய்ச் சாமியாரின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு, “எப்படிச் செத்தான்? யாரு சொன்னாங்க?” என்று கத்தினேன். அவர் வெளுத்துப்போய், “நீங்கதானேம்மா சொன்னீங்க, போயிட்டான்னு” என்றார். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று டிம்ப்னாவைத்தான் கேட்க வேண்டும். இரண்டும் என்கிறாள்.

அவரிடம் வேறு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினோம், அப்பா காதில் யாராவது போடுவதற்குள் போய்விட வேண்டும் என்று. போனால் முற்றத்தில் நிற்க இடமில்லை. காரும் சைக்கிளும் டிராக்டருமாக ஊரே வந்திருக்கிறது. ஒரு வருஷமாக என்னைக் கண்டால் குனிந்த ஹானா உள்ளே புகுந்து, சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடி மேல் துப்பட்டியைப் போட்டு, அடுப்பில் கெட்டிலை ஏற்றி, இரவல் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பன்றிக்கறி வைத்த ரொட்டி தட்டுத் தட்டாக வருகிறது, பழ கேக் வருகிறது, விஸ்கி வருகிறது. அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து மலங்க மலங்க விழிக்கிறார். நான் குனிந்து அவர் காதில், அவன் நல்லா இருக்கான், சாமியார் உளறிட்டார், நான் சொல்லிச் சரிபண்ணிடறேன் என்றேன். சத்தியமாகச் சரிபண்ணத்தான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொருத்தராக வந்து என் கையைப் பிடித்து, “உங்க துக்கத்துக்கு வருந்துறேன் காஸி” என்றபோது, ஒரு வருஷமாக யாரும் தொடாத கை இது, எனக்கு அந்தக் கையை உருவிக்கொள்ள மனம் வரவில்லை. உன்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னார்கள் தெரியுமா. தங்கமான பிள்ளையாம். யாருக்கும் தீங்கு நினைக்காதவனாம். ரொட்டி வண்டியில் கிழவிகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து தருவானாம். இந்த வாய்களெல்லாம் போன வருஷம் எங்கே போயிருந்தன என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வெஸ்லியும் வந்தார், நீ உயிரோடு இருப்பது தெரிந்த ஒரே வெளியாள். மூலையில் நின்றுகொண்டு கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து அழுதார் பார், அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. அவர் சபையில் இப்படித்தான் அழுவார்கள்போல என்று ஹானா என்னிடம் கிசுகிசுத்தாள்.

அப்போதுதான் செம்பட்டை உள்ளே வந்தான். எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். இந்தத் தடவை தொப்பி கையில் இருந்தது. நேரே படுக்கைக்குப் போய் அப்பாவின் கையைப் பிடித்து, “உங்க துக்கத்துக்கு வருந்துறேன் ஃபீலிம்” என்றான். அப்பா வாயைத் திறந்தார். நான் கட்டிலோரம் தொங்கிய அவர் காலை என் குதிகாலால் மிதித்தேன். ஏனென்றால் செம்பட்டை அடுத்தபடி சொன்னது இது: “எல்லாம் இதோட முடிஞ்சுது. இனி இந்த வீட்டப் பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்தை பேச மாட்டான், நான் பாத்துக்கறேன். டிம்ப்னா எங்க வேணும்னாலும் போகட்டும் வரட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பி எப்படி ஆச்சு, எங்கே ஆச்சு என்று கேட்டான். கண் என் முகத்திலேயே இருந்தது. என் வாய் தானாகப் பேசியது. சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான், புயலில் கடலில் விழுந்துவிட்டான், உடம்பு கிடைக்கவில்லை என்றேன். உடம்பு கிடைத்தது என்றால் ஏன் ஊருக்குக் கொண்டு வரவில்லை என்று கேட்பார்களே, அதற்காக. முழங்கால் தண்ணீரில் இறங்க அஞ்சுகிற உன்னைக் கப்பலில் ஏற்றிவிட்டேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். ஜெபமாலை சொல்லி முடித்து எல்லோரும் போன பிறகு அப்பா எழுந்து வந்து, முதல் காரியமாகக் கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டார்.

அன்றையிலிருந்து வாழ்க்கை எப்படி மாறிவிட்டது என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், எனக்கே வருகிறது. பால் வண்டி நிற்கிறது. பையன்கள் நான்கைந்து பேர் வந்து மழையில் அழுகிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கையெல்லாம் தோண்டி மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டிம்ப்னாவுக்குப் பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கிறார்கள், பின்னலைப் பிடித்தவளே தேம்பித் தேம்பி மன்னிப்புக் கேட்டாளாம். ஹானா தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்ல வருகிறாள். உன் ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லும்போது என் நாக்கு கூசுகிறது, அவள் போனதும் உயிரோடு இருப்பவர்களுக்கான ஜெபத்தில் உன் பெயரை மறுபடி சொல்லி எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தக் கிழங்கை அவர் தொடவில்லை. “உயிரோட இருக்கிற புள்ளைக்குத் துக்கம் வாங்கித் தின்னுறவன் நான் இல்ல” என்று தட்டைத் தள்ளிவிடுவார். சாமியாரும் நடந்த தப்பைப் புரிந்துகொண்டு, மனசாட்சி உறுத்தி வீட்டுக்கு வந்தார். பீடத்தில் சொன்னதைப் பீடத்திலேயே திருத்த வேண்டும் என்றார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நானே சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார், ஆனால் இனி உன் பெயரில் இறந்தோர் பூசை வைக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. அதை டிம்ப்னா படிக்க, அப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். வருகிறான் என்ற இடம் வந்ததும் அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே முடிவு பண்ணிவிட்டார். “சாமியார் சொல்லலேன்னா நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு, எம் மகன் சாகல, கிறிஸ்துமஸுக்கு வர்றான், ரெண்டே நாள் எனக்கு அவனக் குடுங்கன்னு கேக்கறேன். கோயிலுக்குள்ள, பூசை வைக்கிற பீடத்துக்கு முன்னாடி, ஊர் முழுக்கக் கேக்க, எவன் மாட்டேன்னு சொல்வான்?” என்றார். நான் அழுதேன், சண்டை போட்டேன், பொய் சொன்னோம் என்று தெரிந்தால் டிம்ப்னாவை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும், “எனக்கு அவனப் பாக்கணும் காஸி” என்ற ஒரே பதில்தான்.  எனக்கு மட்டும் பார்க்க வேண்டாமா. சனிக்கிழமை முழுக்க எனக்கும் ஆசை தொற்றிவிட்டது, கேட்டால்தான் என்ன, கொடுத்தாலும் கொடுப்பார்கள் என்று உன் அறையைக் கூடப் பெருக்கிவிட்டேன்.

இன்று காலை அவர் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார், அது இப்போது அவருக்கு இரண்டு ஆள் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. வெஸ்லி காரில் கோயில் வாசல்வரை கொண்டுவிட்டார். சாமியார் அறிவிப்புகளைப் படித்து முடிக்கவும் அப்பா எனது தோளை ஊன்றி எழுந்தார். கோயில் முழுக்கத் திரும்பியது. சாமியார் பேச்சை நிறுத்திக்கொண்டார், என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். “எம் மகன் யூனன்” என்றார் அப்பா. அதோடு மூச்சு வாங்கியது, நின்றுவிட்டார். அந்த இடைவெளியில் நான் செம்பட்டையைப் பார்த்தேன், மூன்று வரிசை தள்ளி இருந்தான். மற்ற எல்லாருடைய முகத்திலும் இரக்கம் இருந்தது. அவன் மட்டும், புதரில் ஏதோ அசைந்ததும் காதைத் தூக்குகிற நாயைப் போல, தலையை நிமிர்த்தினான். கண்ணில் துக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை, கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். என்ன சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததை அப்பாவும் பார்த்தார். என் தோளிலிருந்த கை என்னை நசுக்கியது. “எம் மகன் யூனனுக்காக வேண்டிக்கிட்ட எல்லாருக்கும் நன்றி. அவன் ஆத்துமம் இளைப்பாறட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆமென் என்று ஊரே சொன்னது. செம்பட்டையும் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா படுக்கையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோதுதான் சொன்னார், நான் மாற்றாமல் எழுதுகிறேன்: “எழுதிடு. வர வேண்டாம்னு எழுதிடு. நான் இன்னிக்கு அவன அடக்கம் பண்ணிட்டேன். என்னை அடக்கம் பண்ண அவன் வர வேண்டாம்.” இதுதான் என் பதில், யூனன். நீ இங்கே வந்து இறங்கினால் செத்தவன் எழுந்து வந்தான் என்று யாரும் மணி அடிக்க மாட்டார்கள். டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு. அப்பாவுக்கு ஒன்று ஆனால் டிம்ப்னா தெரியப்படுத்துவாள், அப்போதும் வராதே. அன்றைக்கு அங்கே ஏதாவது ஒரு கோயிலில் போய் உட்கார்ந்து, இங்கே பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் இடது தோள் உன்னுடையது என்று நினைத்துக்கொள். அந்த இடத்தில் வெஸ்லி தோள் கொடுக்கிறேன் என்றிருக்கிறார், கோயிலுக்குள் அவர் சபை அனுமதிக்குமோ என்னவோ, வாசல்வரையாவது வருவார்.

இனிமேல் கடிதத்தில் அம்மா அப்பா என்று எழுதாதே. டிம்ப்னாவுக்கு அவள் தோழி எழுதுவதுபோல எழுது, ஏதாவது ஒரு பெண் பெயரைப் போட்டுக்கொள், உன் கிறுக்கலை மட்டும் கொஞ்சம் உருட்டி அழகாக எழுது. உனக்குக் கல்யாணம் ஆனால் அந்தத் தோழிக்கு ஆனதாக எழுது, எங்களுக்குப் புரியும். பிள்ளைக்கு அப்பா பெயரை வைத்தால் மட்டும் எழுதிவிடாதே, மனசோடு வைத்துக்கொள். ஞாயிறு பூசையை விடாதே. தண்ணீர்ப் பக்கம் போகாதே, நான் சொன்னது பலித்துவிடப் போகிறது. இதைப் படித்ததும் அடுப்பில் போடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் தலை நரைக்கட்டும், பல் விழட்டும், பேரப்பிள்ளைகள் உன்னைக் கிழவா என்று கூப்பிடட்டும். நீ எங்களுக்குச் செய்ய வேண்டியது அது ஒன்றுதான்.

அப்பா தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். கை நடுங்குகிறது, பெயர் மட்டும் போதும் என்றேன். கேட்கவில்லை.

உன் அம்மா,
காஸி

யூனன், உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. வராதே.
அப்பா